ஷெரோனுக்குக் கரைத்த தண்ணீர்

அடைக்கலநாதனைப் பற்றிக் குருநகரில் யாரிடம் கேட்டாலும் முதலில் சிரிப்பார்கள், பிறகுதான் பதில் சொல்வார்கள். ஆள் நல்ல உயரம். குனியாமல் எந்த வீட்டு வாசலுக்குள்ளும் நுழைய மாட்டான். வலை இழுத்து இழுத்து இறுகிப்போன தோள். அந்தத் தோளில், தொழில் இல்லாத நேரமெல்லாம், ஒரு சின்னப் பெண்பிள்ளை உட்கார்ந்திருக்கும். அதன் தலையில் இரண்டு குடுமி, ஒன்று காதுக்கு மேலே, மற்றது பிடரிக்குக் கிட்ட. கட்டிவிட்டது தகப்பன் என்பது பார்த்தவுடனே தெரியும். மீன் ஏலம் கூறுகிற இடத்துக்கும் அப்படியே வருவான், பூசைக்கும் அப்படியே வருவான்.

பிள்ளை பெற்றவன் பிள்ளையைத் தூக்கினால் அதில் சிரிக்க என்ன கிடக்கிறது என்று கேட்டால் அதற்கும் சிரிப்பார்கள். சிரித்துத் தொலைக்கட்டும். அவனோடு ஒரே போட்டில் தொழிலுக்குப் போகிற சுபாஸ்தான் இந்த நையாண்டிக்குத் தலைவன். "உவன் போன ஜென்மத்திலை ஆயாவா இருந்தவன்" என்பான். அடைக்கலநாதன் கோபித்ததே இல்லை. பல்லைக் காட்டிவிட்டுப் பிள்ளையின் குடுமியை இறுக்கிக்கொண்டு போய்விடுவான்.

அவனுடைய மனைவி றஜிதாவுக்கு இரண்டாவது பிள்ளை ஒப்பரேசன் செய்து பிறந்தது. பெடியன். அவள் பெரியாஸ்பத்திரியில் படுத்திருந்தாள், துணைக்கு அவளுடைய அக்கா. மூத்தவள் ஷெரோனுக்கு ஒன்றரை வயது. அவளை யார் பார்ப்பது என்று குடும்பத்தில் பேச்சு வந்தபோது அடைக்கலநாதன், "ஏன், நான் செத்துப் போனனானோ?" என்று கேட்டான். அத்தோடு பேச்சு முடிந்தது. கடலை விட்டுவிட்டு வீட்டில் நின்றான்.

வினை வந்தது அப்போதுதான். விடிந்ததும் விடியாததுமாய் ஷெரோனுக்கு வயிற்றாலே போகத் தொடங்கியது. கழுவினான், துடைத்தான், வேறு சட்டை எடுத்துப் போட்டான். சட்டையின் பொத்தானைப் பூட்டி முடிக்கவில்லை, மறுபடியும் போயிற்று. வெறும் தண்ணீராகவே போயிற்று. மூன்றாவது சட்டையோடு அவன் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு சந்தியில் இருக்கிற டொக்டரிடம் போனான்.

டொக்டர் அம்மா பிள்ளையின் வயிற்றுத் தோலைக் கிள்ளிப் பார்த்தார், வாயைத் திறந்து பார்த்தார்.

"இப்போதைக்கு வாட்டிலை போடத் தேவையில்லை," என்றார். "வயித்தோட்டத்தை நிப்பாட்ட மருந்து கேக்காதேங்கோ. அது தன்ரைபாட்டிலை நிக்கும். போற தண்ணி திரும்ப உள்ளுக்குப் போகுதோ எண்டதுதான் எங்கடை கவலை. கொதிச்சாறின தண்ணி ஒரு லீற்றருக்கு ஒரு ஜீவனி பைக்கற்று. கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம். சின்ன ஆளுக்குக் கரண்டியாலை பருக்குங்கோ. சாப்பாட்டை நிப்பாட்டாதேங்கோ. சலம் போறாளோ எண்டு மட்டும் வடிவாக் கவனியுங்கோ. பொழுதுபடமுதல் போகாட்டி, அல்லாட்டிப் பிள்ளை சோர்ந்து விழுந்தால், ரத்தம் போனால், ஒண்டையும் யோசிக்காமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு ஓடுங்கோ."

ஜீவனி என்ற உப்புச்சீனித் தூள் பைக்கற்றுகளும் சிங்க் குளிசையும் தந்து, கரைத்துக் கொடுக்கும் விதத்தையும் சொல்லி அனுப்பினார். அடைக்கலநாதன் அதையெல்லாம் செபம் பாடமாக்குகிறவன்போல வழி முழுக்கச் சொல்லிக்கொண்டே வீட்டுக்கு வந்தான். சொன்ன சொல் தப்பாமல் செய்யவேண்டும் என்பதுதான் அவனுக்கு அன்றைக்கு வேதவாக்கு.

செய்தான். கேத்திலில் தண்ணீரை நன்றாகத் தளதளவென்று கொதிக்கவிட்டான். ஒருமுறை கொதித்தது போதாது என்று மறுபடியும் அடுப்பில் வைத்தான். ஆறவிட்டு, லீற்றர்ப் போத்தலால் அளந்து, பைக்கற்றை உதறி ஒரு மணியும் மிச்சம் வைக்காமல் கொட்டிக் கரைத்தான். கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவினான். எந்தத் தண்ணீர் என்று மட்டும் அவன் யோசிக்கவில்லை. யோசிக்க அவனுக்கு அங்கே ஒரு கேள்வியே இருக்கவில்லை. குடிதண்ணீர் பவுசர் லொறியில் வரும், வீட்டுப் பெண்கள் கலன்களில் பிடித்து வைப்பார்கள். அந்த முறை பவுசர் வந்த நேரம் அவன் ஆஸ்பத்திரியில் நின்றான். கலன் வெறுமையாய்க் கிடந்தது. அதனாலென்ன, கிணறு இருக்கிறதே. பவுசர் வராத நாட்களில் அந்தக் கிணற்றுத் தண்ணீரில்தானே அவன் பிறந்தது முதல் தேத்தண்ணி குடிக்கிறான்.

முதற் கரண்டிகளை ஷெரோன் ஆவலாய்க் குடித்தாள். பிறகு முகத்தைத் திருப்பினாள். பிறகு சத்தி எடுத்தாள். எடுத்துவிட்டுத் தண்ணீர் கேட்டு அழுதாள். கொடுத்தான். குடித்தாள், சத்தி எடுத்தாள், மறுபடியும் கேட்டு அழுதாள். வெயில் ஏற ஏற அவளுக்குத் தாகம் ஏறியதே தவிர ஆறவில்லை. சின்ன உதடு காய்ந்து வெடித்தது. காலையில் இருந்து அவள் சலம் போகவே இல்லை, ஒரு சொட்டு மூத்திரம்கூட இல்லை.

அதற்குள் றஜிதா வீடியோக் கோல் எடுத்தாள். பச்சை வயிறு, தையல் காயாத உடம்பு. அவளிடம் என்னத்தைச் சொல்வது? போனை முகட்டுப் பக்கம் திருப்பிப் பிடித்துக்கொண்டு, "நெற் சரியில்லை. பிள்ளை நித்திரை" என்றான்.

"நீங்கள் ஏன் இண்டைக்கு வரேல்லை?"

"போட் எஞ்சினிலை ஒரு சின்னப் பழுது. பாத்திட்டு வாறன்."

தன் கையில் இருக்கிற கிருமி பிறந்த பச்சைப் பிள்ளைக்குப் போய்விடக் கூடாது என்றுதான் அவன் ஆஸ்பத்திரிப் பக்கம் போகாமல் இருந்தான். அதைச் சொல்ல முடியாமல் எஞ்சின்மேல் பழி போட்டான்.

பக்கத்து வீட்டுச் செபஸ்தியம்மா வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்துவிட்டு உள்ளேயே வந்துவிட்டா. நல்ல மனுசி. அழுக்குத் துணிகளைக் கேட்காமலே வாரிக்கொண்டு போய்த் துவைத்தா. அதோடு நின்றிருக்கலாம்.

"அடைக்கலம், உதை ஏன் பருக்கிக்கொண்டிருக்கிறாய்? குடுக்கக் குடுக்கத்தானே போகுது. பல்லு முளைக்கிற வயித்தாலடி உது. ஒண்டும் குடாமல் வயித்தைக் காய விடு. எங்கடை பிள்ளையளை நாங்கள் உப்பிடித்தான் வளத்தனாங்கள்."

அடைக்கலநாதன் நிமிர்ந்து பார்த்தான். அவன் இளந்தாரியாய் இருந்தபோது ஒருமுறை நடுக்கடலில் எஞ்சின் நின்று, காற்றோடு இழுபட்டுக் கிடந்திருக்கிறான். குடிதண்ணீர் முடிந்த பிறகு கூட வந்தவன் ஒருவன், எத்தனை சொல்லியும் கேட்காமல், கடல் தண்ணீரை அள்ளிக் குடித்தான். குடித்ததோடு அவனுக்குத் தாகம் இரண்டு மடங்காயிற்று. கண் குழிக்குள் போய், நாக்குத் தடித்து, கடைசியில் பக்கத்தில் இருந்தவர்களையே அடையாளம் தெரியாமல் பிதற்றினான். வேறொரு போட் வந்து கட்டி இழுத்தபடியால் எல்லோரும் உயிரோடு கரை சேர்ந்தார்கள். காப்பாற்ற வந்தவர்கள் அவர்களுக்குப் போத்தல் மூடியால் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் தண்ணீர் பருக்கினார்கள்.

"தண்ணி இல்லாமல் காய்ஞ்ச ஆக்களை நான் கண்ணாலை கண்டனான் மாமி," என்றான். "என்ரை பிள்ளையைக் காய விடமாட்டன்."

செபஸ்தியம்மாவுக்கு முகம் கறுத்தது. என்றாலும் போகவில்லை. ஒரு மூலையில் இருந்து செபமாலையை எடுத்தா. அவன் திரும்பவும் கரண்டியைக் கையில் எடுத்தான்.

மத்தியானம் சுபாஸின் மனைவி உதயகலா கஞ்சி கொண்டு வந்தாள். அவள் உரும்பிராய்க்காரி, தோட்டக்காரச் சைவக் குடும்பம். சுபாஸைக் காதலித்து, இரண்டு பக்கத்திலும் பேச்சு வாங்கி, குருநகருக்கு வாழ வந்தவள். வந்த முதல் நாளே தேத்தண்ணிக் கோப்பையை வாயில் வைத்துவிட்டு முகத்தைச் சுளித்தாள். அன்றைக்குப் பிடித்தது சனி. "உரும்பிராய் ராசாத்திக்கு எங்கடை தண்ணி இறங்காது" என்று தெருவே பகிடி பண்ணியது. அவள் ரோசக்காரி. பகிடியை மதிக்காமல் பவுசர் வருகிற நேரமெல்லாம் முதல் ஆளாய் நின்றாள். அவள் குசினியில் நிறைந்த கலன்கள் எப்போதும் இருக்கும். அடைக்கலநாதனும் அவளைப் பகிடி பண்ணியவர்களில் ஒருவன்தான்.

"தாங்கோ அண்ணை, நான் கொஞ்சம் பருக்கிறன். நீங்கள் போய் முகத்தைக் கழுவுங்கோ" என்று போத்தலை வாங்கினாள். தான் ருசி பாராத எதையும் பிள்ளைக்குக் கொடுக்கிற பழக்கம் அவளுக்கு இல்லை. உள்ளங்கையில் ஒரு துளி விட்டு நாக்கில் வைத்தாள். வைத்தவள் அப்படியே நின்றாள்.

"அண்ணை, உது என்ன?"

"ஜீவனி."

"ஜீவனி எண்டு தெரியுது. என்ன தண்ணியிலை கரைச்சனீங்கள்?"

"கிணத்துத் தண்ணி. நல்லாக் கொதிச்சது. ரெண்டு தரம் கொதிக்க வைச்சனான்."

"உப்பு, அண்ணை. கடும் உப்பு."

அடைக்கலநாதன் போத்தலை வாங்கி ஒரு மிடறு குடித்துப் பார்த்தான். அவனுக்கு ஒன்றும் தெரியவில்லை. செபஸ்தியம்மாவும் குடித்துப் பார்த்துவிட்டு, "எனக்கும் தெரியேல்லை" என்றா.

"உங்களுக்குத் தெரியாது," என்றாள் உதயகலா. அவள் குரலில் பகிடிக்குப் பழிவாங்குகிற தொனி கொஞ்சமும் இல்லை. பயம்தான் இருந்தது. "இஞ்சை பிறந்த ஒருத்தருக்கும் தெரியாது."

கடல் தண்ணீர் குடித்துப் பிதற்றினவனின் முகம் அடைக்கலநாதனின் கண்ணுக்கு முன்னால் வந்தது. கடல் தண்ணீரைக் குடிக்காதே என்று கத்தின வாய் இவனுடையதுதான். அதே ஆள் இன்றைக்குத் தன் கையாலே, அன்பாக, கரண்டி கரண்டியாய் உப்புத் தண்ணீரைத் தன் பிள்ளையின் தொண்டையில் ஊற்றியிருக்கிறான்.

இந்த இடத்தில்தான் இந்த மனிதனை நான் கையெடுத்துக் கும்பிடுவேன். வேறு ஆளென்றால் போத்தலை ஒளித்திருப்பான், அல்லது கிணற்றையும் பவுசரையும் திட்டியிருப்பான், அல்லது தலையில் கைவைத்து உட்கார்ந்திருப்பான். அடைக்கலநாதன் போத்தலை முற்றத்தில் கவிழ்த்துவிட்டு, அந்தப் பகுதிக் குடும்பநல மருத்துவமாது றஜனிக்குப் போன் எடுத்தான். எடுத்து, பூசி மெழுகாமல் சொன்னான்.

"மிஸ், நான் பிழை விட்டிட்டன். உப்புக் கிணத்துத் தண்ணியிலை ஜீவனி கரைச்சுக் காலமை துடக்கம் குடுத்திட்டன். கனக்கச் சத்தி எடுத்திட்டாள். எவ்வளவு உள்ளுக்குப் போச்சோ தெரியாது. இன்னும் சலம் போகேல்லை."

றஜனி ஸ்கூட்டரில் வந்து இறங்கினாள். ஒரு சொல்லும் ஏசவில்லை. பிள்ளையின் கண்ணைப் பார்த்தாள், தோலைக் கிள்ளி விட்டுப் பார்த்தாள். ஷெரோன் வீரிட்டு அழுதாள். அழுதபோது கன்னத்தில் ஈரம் வழிந்தது.

"கண்ணீர் வருது. நல்லது," என்றாள் றஜனி. "சத்தி எடுத்ததும் ஒரு விதத்திலை நல்லதாப் போச்சு. அந்தப் பைக்கற்றிலை பிள்ளைக்குத் தேவையான உப்பு அளவாத்தான் கிடக்கு. உங்கடை கிணறு அதுக்கு மேலை தன்ரை பங்கையும் போட்டிட்டுது. கொதிக்கக் கிருமி சாகும் அண்ணை, உப்புச் சாகாது. தண்ணி வத்த வத்தக் கூடத்தான் செய்யும்."

டொக்டரோடும் போனில் கதைத்தாள். கதைத்து முடித்ததும் விளக்கமாய்ச் சொன்னாள்: நல்ல தண்ணீரில் புதிதாய்க் கரைக்கவேண்டும். ஒரு கரண்டி கொடுத்து, இறங்கவிட்டு, அடுத்த கரண்டி. சத்தி எடுத்தால் கொஞ்சம் பொறுத்து, இன்னும் மெதுவாய்த் தொடங்கவேண்டும். கஞ்சி கேட்டால் கொடுக்கலாம். "ஓட்டோ ஒண்டை வாசலிலை வைச்சிருங்கோ. பிள்ளை மயங்கினமாதிரிக் கிடந்தாலோ பொழுதுபடச் சலம் போகாட்டியோ எனக்குப் போன் எடுத்துக்கொண்டு நிக்கவேண்டாம். ஏத்திக்கொண்டு போங்கோ."

உதயகலா வீட்டுக்கு ஓடிப்போய்த் தன் கலனில் ஒன்றைத் தூக்கி வந்தாள். கொதித்து, ஆறி, கரைத்து வந்தது புதுத் தண்ணீர். சுபாஸ் எங்கேயோ ஒரு ஓட்டோவைப் பிடித்துக் கொண்டுவந்து வாசலில் நிறுத்தினான். இரவு முழுக்கக் கடலில் நின்று வந்தவன், கண் இரண்டும் சிவந்து கிடந்தது. சாரதி ஆசனத்தில் ஏறி உட்கார்ந்தவன் பிறகு இறங்கவே இல்லை. அன்றைக்கு அவன் வாயில் ஒரு பகிடியும் வரவில்லை.

அடைக்கலநாதன் சுவரில் முதுகைச் சாய்த்து, காலை நீட்டி, பிள்ளையை மடியில் கிடத்திக்கொண்டு தொடங்கினான். ஷெரோன் வாயைத் திறக்க மறுத்தாள். காலையில் அந்தக் கரண்டி செய்த வேலையை அவள் மறக்கவில்லை. நம்பிக்கை இழந்த அந்த வாயைத் திறக்கவைக்க அவன் கடலைத்தான் கூப்பிட்டான்.

"இது பாரைக்கு," என்று ஒரு கரண்டி நீட்டினான். "பாரை குடிச்சிட்டுது. இது விளைமீனுக்கு. விளைமீன் எங்கை? இஞ்சை பார், கணவாய் தனக்குத் தரேல்லை எண்டு அழுகுது."

கணவாய்க்காக வாய் கொஞ்சம் திறந்தது. சூடை வந்தது, ஓரா வந்தது, கும்பளா வந்தது, திருக்கை வாலை ஆட்டிக்கொண்டு வந்தது. தனக்குத் தெரிந்த மீன் எல்லாம் முடிந்ததும் திரும்பவும் பாரையில் தொடங்கினான். நடுவில் ஒருமுறை எல்லாம் சத்தியாய் வெளியே வந்தது. அவன் முகம் மாறவில்லை. துடைத்தான், கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவினான், பொறுத்திருந்தான், மறுபடியும் "இது பாரைக்கு" என்றான். இடையிடையே வயிற்றாலும் போயிற்று. கழுவிவிட்டு வந்து அதே இடத்தில் அதே மாதிரிக் காலை நீட்டினான். வலை சிக்கெடுக்கிறவனுக்கு இருக்கிற பொறுமை அது. இழுத்தால் அறுந்துவிடும் என்று தெரிந்தவனின் பொறுமை.

"கரண்டியை என்னட்டைத் தா," என்றா செபஸ்தியம்மா. "ஒரு வாய் சாப்பிட்டிட்டு வா." வயிற்றைக் காயவிடச் சொன்னதைப் பற்றி அவவும் பிறகு கதைக்கவில்லை. அவன் கொடுக்கவில்லை. அவ சோற்றைக் குழைத்துக் கொண்டுவந்து அவனுடைய வாயில் வைத்தா. அவன் பிள்ளைக்குப் பருக்க, அவ அவனுக்குத் தீத்தினா. உதயகலா அதைப் பார்த்துவிட்டுச் சிரிக்கவும் மாட்டாமல் அழவும் மாட்டாமல் குசினிக்குள் போய்விட்டாள்.

பின்னேரமாக ஷெரோன் கஞ்சி இரண்டு வாய் குடித்தாள். அழுகை அடங்கியது. அடங்கியது நல்லதுக்கா, சோர்வாலா என்று அவனுக்குத் தெரியவில்லை. அதுதான் அவனைக் கொன்றது. நிமிடத்துக்கு ஒருமுறை "ஷெரோன்" என்று கூப்பிட்டான். கண்ணைத் திறந்து பார்த்தாள். அவளுக்குக் கீழே மடித்துவைத்த துணியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தான். காய்ந்தே கிடந்தது. முற்றத்து வெயில் மெல்ல வேலிக்கு ஏறி, வேலியையும் விட்டுப் போனது.

அடைக்கலநாதன் கரண்டியைக் கீழே வைத்தான்.

"சுபாஸ், எடடா ஓட்டோவை."

எழும்ப முயன்றபோது கால் மரத்துப்போய்க் கிடந்தது. உதயகலா துவாயும் தண்ணீர்ப் போத்தலும் எடுத்துவர உள்ளே ஓடினாள். சுவரைப் பிடித்துக்கொண்டு, பிள்ளையை நெஞ்சோடு அணைத்து, பாதி எழும்பிய நிலையில் அவன் அப்படியே நின்றான். தொடையில் சூடாய் ஏதோ இறங்கியது. திரும்பவும் வயிற்றோட்டம்தான் என்று நினைத்துத் துணியை விலக்கிப் பார்த்தான். இல்லை. நல்ல மஞ்சளாய், முதலில் கொஞ்சமாய், பிறகு நிற்காமல், அவன் சாறம் நனைந்து கால்வழி ஓடி நிலத்தில் சொட்டியது.

அவன் மெதுவாய்த் திரும்பவும் நிலத்தில் இருந்தான். செபஸ்தியம்மா சிலுவை போட்டுக்கொண்டா. உதயகலா றஜனிக்குப் போன் எடுத்தாள். "விடாமல் பருக்கச் சொல்லுங்கோ. நான் வந்து ஒருக்காப் பாக்கிறன்" என்றாள் றஜனி. வாசலில் சுபாஸ் எஞ்சினை நிறுத்திவிட்டு, ஸ்ரியறிங்கில் தலையைச் சாய்த்தான். அப்படியே நித்திரையாகிப் போனான்.

அந்த நேரம் றஜிதா திரும்பவும் வீடியோக் கோல் எடுத்தாள். இந்தமுறை அவன் போனை எங்கேயும் திருப்பவில்லை. நேரே முகத்துக்கு முன்னால் பிடித்தான்.

"இஞ்சேருங்கோ, என்னப்பா முகம் உப்பிடிக் கிடக்கு? பிள்ளை என்ன செய்யிறாள்?"

பகல் முழுக்கப் பொய் சொன்ன வாய் அப்போது உண்மையைச் சொன்னது.

"மூத்திரம் பெய்திட்டாள்," என்றான். "என்ரை மடியிலை."

"அதுக்கென்ன, சாறத்தை மாத்துங்கோவன்," என்றாள் றஜிதா. பிறகு திரைக்குக் கிட்ட வந்து உற்றுப் பார்த்தாள். "அதுக்குப் போய் ஏன் அழுறியள்?"